திருநெல்வேலிப் பக்கம் பழைய குட்டி எஸ்யூவி வாங்கப் போறீங்களா? வண்டியை இப்படிப் பாருங்கள்

பிரெஸ்ஸா, நெக்ஸான், வென்யூ, சோனெட் மாதிரி நாலு மீட்டருக்குள் அடங்குகிற எஸ்யூவிகளுக்கு நம்ம பக்கம் நல்ல கிராக்கி. புதுசு விலை எட்டாதவர்கள் நாலைந்து வருடம் ஓடிய வண்டியைத் தேடுகிறார்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் எல்லா ஊருக்கும் பொதுவாகச் சொல்கிற பட்டியலை வைத்துக்கொண்டு நெல்லை, தூத்துக்குடி, தென்காசி பக்கம் வண்டி பார்க்கக் கூடாது. இங்கே இன்ஜின் எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது இந்த வண்டி எந்தத் தெருவில் நின்றது என்று கேட்க வேண்டும்.

முதல் வேலை: போகும் முன்னே பேப்பர்

விற்பவரிடம் வண்டி எண், ஆர்.சி. புத்தகம், இப்போதைய இன்சூரன்ஸ், கிடைத்தால் முந்தைய இரண்டு வருட இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். எம்-பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டால் பதிவு தேதி, எரிபொருள், இன்சூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் வந்துவிடும். ஆர்.சி.யில் பேங்க் பெயர் இருந்தால் கடன் இன்னும் நீக்கப்படவில்லை என்று அர்த்தம். "கட்டி முடிச்சாச்சு" என்று வாயால் சொன்னால் போதாது, பேங்க் கொடுத்த என்.ஓ.சி.யும் (ஆட்சேபனை இல்லை என்ற சான்று), ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்குவதற்கான படிவம் 35-ம் கையில் வர வேண்டும்.

இன்சூரன்ஸ் பேப்பரில் பலர் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது: என்.சி.பி. எனப்படும் நோ கிளெய்ம் போனஸ். கிளெய்ம் எதுவும் வாங்காமல் ஒவ்வொரு வருடமும் போனால் இது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும். கிளெய்ம் வாங்கினால் அடுத்த புதுப்பித்தலில் சுழியமாகிவிடும். 2019-இல் வாங்கிய வண்டி, ஒரே ஓனர், 2024 நடுவில் புதுப்பித்த பாலிசியில் என்.சி.பி. சுழியம் என்றால், அதற்கு முந்தைய பாலிசி வருடத்தில் ஏதோ கிளெய்ம் நடந்திருக்கலாம். அந்த வருடத்துக்குள்தான் வெள்ளம் வந்தது. கைமாறிய வண்டிக்கும், இன்சூரன்ஸ் முடிந்து 90 நாளுக்கு மேல் விட்டுவைத்த வண்டிக்கும்கூட சுழியமாகும். அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள், ஆனால் கேள்வி கேளுங்கள்.

கேரளப் பதிவு வண்டிகள் செங்கோட்டை, தென்காசி பக்கம் விலை குறைவாகக் கிடைக்கும். அங்கிருந்து என்.ஓ.சி., இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டு ஆயுட்கால வரி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு அது மலிவுதானா என்று பாருங்கள். 2018 ஆகஸ்டில் அங்கேயும் பெரிய வெள்ளம் வந்தது.

தண்ணீர் ஏறிய வண்டியைக் கண்டுபிடிப்பது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி பெருகி ஜங்ஷன், சிந்துபூந்துறை, கைலாசபுரம், கொக்கிரகுளம் என்று ஊருக்குள் வந்தது. கீழே ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் நிலைமை இன்னும் மோசம். வீட்டு வாசலில் நின்ற வண்டிகளை யாரும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, ஓனர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முங்கிய வண்டியைக் கழுவி, சீட் கவர் மாற்றி, சென்ட் பாட்டில் வைத்து, விஷயத்தைச் சொல்லாமல் விற்பது தப்பு. வாங்குகிறவர் பிள்ளைகளை உட்காரவைத்து ஓட்டப்போகிறார், ஏர்பேக் ஒயரில் களிம்பு ஏறியிருந்தால் விபத்து நேரத்தில் அது வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சென்ட் வாசம் தூக்கலாக இருந்தாலே நாலு கதவையும் மூடி, ஏ.சி. போடாமல் ஐந்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். ஈரத்துணி பூத்த மாதிரி வாடை மெல்ல மேலே வரும். பிறகு சீட் பெல்டைக் கடைசிவரை இழுங்கள். வழக்கமாகத் தோளுக்கு வருகிற பகுதி சுத்தமாக இருக்கும். சுருளுக்குள்ளேயே கிடக்கிற கடைசி அரை மீட்டரில்தான் செம்மண் கறை கோடு மாதிரி தெரியும், கழுவுகிறவர்கள் அதுவரை போக மாட்டார்கள். சீட்டை முன்னே தள்ளி, அடியில் இருக்கும் தண்டவாளத்தையும் போல்ட்டுகளையும் மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். ஐந்து வருட வண்டியில் அங்கே செதில் செதிலாகத் துரு இருக்க வேண்டிய காரணமே இல்லை. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் கால் வைக்கிற இடத்தில் கார்ப்பெட் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி, கீழே இருக்கும் பஞ்சை அழுத்துங்கள். பஞ்சு கட்டிதட்டி இருந்தாலோ, அங்கே ஓடும் ஒயர் கனெக்டரின் பித்தளை முனை பச்சை பூத்திருந்தாலோ, விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். கடைசியாக டிக்கியில் ஸ்டெப்னியை வெளியே எடுத்து அந்தக் குழியின் மூலையில் விரலை விட்டுப் பாருங்கள், மாவு மாதிரி வண்டல் ஒட்டுகிறதா என்று.

"அண்ணாச்சி, ஒரு பொட்டு தண்ணி ஏறல, மாடியில நின்ன வண்டி" என்று சொன்னால் நம்புங்கள். நம்பிக்கொண்டே இவ்வளவையும் பாருங்கள்.

கடற்கரை வண்டிகளுக்கு வேறு நோய். உவரி, கூத்தன்குழி, இடிந்தகரை பக்கம் நின்ற வண்டிகளில் உப்புக்காற்று அடியிலிருந்து தின்னும். வாட்டர் சர்வீஸ் கடையில் கொஞ்சம் காசு கொடுத்து லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். சைலன்சர், சஸ்பென்ஷன் ஆர்ம், கதவுகளின் கீழ் விளிம்பு, ரன்னிங் போர்டு இவை நாலிலும் துரு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். புதிதாகக் கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்துப் பளபளவென்று இருந்தால் எதை மறைக்க அடித்தார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

காலையில், வெயிலில், குளிர்ந்த இன்ஜினோடு

முந்தைய நாளே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள்: "அண்ணாச்சி, காலைல நான் வாரதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணிராதீங்க." போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். சூடான இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடும்.

இக்னிஷனை ஆன் செய்ததும் ஏர்பேக், ஏ.பி.எஸ்., இன்ஜின் விளக்குகள் எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பையே கழற்றியிருக்கலாம். ஸ்டார்ட் செய்தபின் நீலப்புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியின் அடியில் பால் நிறத்தில் கூழ் மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. பெயிண்டை நிழலில் பார்க்காதீர்கள், வெயிலில் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் பட்டி போட்ட இடம் அலை அலையாகத் தெரியும். கதவு ரப்பர் பீடிங்கை இழுத்து உள்ளே கம்பெனி வெல்டிங் புள்ளிகள் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்த்தால் டிங்கரிங் கதை தெரிந்துவிடும்.

மீட்டரில் காட்டும் கிலோமீட்டரை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஓனரோடு போய் சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்கள். டயர் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். 25,000 ஓடியதாகச் சொல்லும் வண்டியில் நாலு டயரும் மாற்றியிருந்தால், பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால், கணக்கு இடிக்கிறது. ஓன் போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டியிருக்கவும் கூடும்.

ஓட்டிப் பார்ப்பது

நெரிசலுக்கு வண்ணாரப்பேட்டை, வேகத்துக்கு நாங்குநேரி போகும் நான்கு வழிச்சாலை, ஏற்றத்துக்கு ரெட்டியார்பட்டி மலை. ஒரே சுற்றில் மூன்றும் முடிந்துவிடும். ஏற்றத்தில் நாலாவது கியரில் மிதிக்கும்போது ஆர்.பி.எம். மட்டும் ஏறி வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் போய்க்கொண்டிருக்கிறது. ஏ.எம்.டி. (கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத, கியர் தானே மாறுகிற) வண்டியை நெரிசலில் ஊர்ந்து போகவிட்டு உதறுகிறதா என்று பாருங்கள். வேகத்தடையில் 'டொக்' சத்தம் வந்தால் பெரும்பாலும் லிங்க் ராட், புஷ் சமாச்சாரம், சமாளிக்கலாம். சன்ரூஃப் இருந்தால் ஒரு மக் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், உள்ளே ஒழுகக் கூடாது.

டீசல் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டர் இருக்கும். நீண்ட தூரம் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். பாளையங்கோட்டையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு மார்க்கெட் போய் வருவதுதான் உங்கள் ஓட்டம் என்றால் பெட்ரோலே எடுங்கள்.

எல்லாம் பிடித்திருந்தால், கடைசியாக உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப்போய் ஸ்கேனர் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். புரோக்கர் சிபாரிசு செய்கிற மெக்கானிக் வேண்டாம். டயர், பேட்டரி, கிளட்ச் என்று அவர் சொல்லும் செலவைக் கூட்டி விலையில் கழித்துக் கேளுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் ஓனர் கையெழுத்து வாங்காமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். 30 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கு 14 நாள்தான். சாவி வாங்கும்போது தேதி, மணி, மீட்டர் எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள், அதற்கு முந்தைய அபராதம் அவருடையது, பிந்தையது உங்களுடையது. இரண்டாவது சாவியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.