சாரிட்டி ஷாப்பில் சிடியும் எல்பியும் தேடுவது எப்படி? முதல் முறை போகிறவர்களுக்கு

பிரிட்டனில் எந்தச் சின்ன ஊரின் கடைத்தெருவில் நடந்தாலும் ஆக்ஸ்ஃபாம், பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன், கேன்சர் ரிசர்ச், பர்னார்டோஸ் என்று சாரிட்டி ஷாப்கள் வரிசையாகக் கண்ணில் படும். நாடு முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. மக்கள் கொடுத்துவிட்டுப் போகும் துணிமணி, புத்தகம், பாத்திரங்களை விற்று அந்தந்தத் தொண்டு நிறுவனங்கள் பணம் திரட்டுகின்றன. அநேகமாக ஒவ்வொரு கடையிலும், புத்தக அலமாரியின் கீழ்த்தட்டிலோ தரையில் வைத்த பெட்டியிலோ, பழைய சிடிகளும் ரெக்கார்டுகளும் (பெரிய ரெக்கார்டுதான் எல்பி) கிடக்கும்.

எல்லாப் பாட்டும் ஃபோனில் கிடைக்கும்போது இது எதற்கு என்று கேட்கிறார்கள். ஃபோன் நமக்கு ஏற்கெனவே பிடித்ததையே திரும்பத் திரும்பக் கொண்டுவந்து கொடுக்கும். இந்தப் பெட்டிகளில் இருப்பதோ முன்பின் தெரியாத யாரோ ஒருவர் வருஷக்கணக்கில் ஆசை ஆசையாகச் சேர்த்தது. கேள்விப்பட்டே இராத ஓர் இசையை ஒரு காபியின் விலைக்கும் குறைவாக வாங்கி வந்து, முதல் பாட்டிலிருந்து கடைசிவரை கேட்டுப் பார்க்கலாம். அந்தத் துணிச்சலுக்காகத்தான் இந்த வேட்டை. மறுவிற்பனையில் லாபம் பார்ப்பது வேறு தொழில். அதை இங்கே சொல்லப்போவதில்லை.

படி 1: முதலில் வீட்டில் எதில் கேட்பீர்கள்?

புதியவர்கள் சிடியில் தொடங்குவது நல்லது. பழைய டிவிடி பிளேயர் இருந்தால் அதுவே போதும், இசை சிடியும் அதில் ஓடும். ரெக்கார்டுக்குக் கொஞ்சம் கூடுதல் ஏற்பாடு வேண்டும். ரெக்கார்டைச் சுழற்றும் டர்ன்டேபிளின் ஊசியிலிருந்து வரும் மின்சைகை மிகவும் பலவீனமானது. அதைப் பெருக்கித் தர ஃபோனோ ப்ரீஆம்ப் தேவை. சில டர்ன்டேபிள்களில் அது உள்ளேயே இருக்கும், சில ஆம்ப்ளிஃபயர்களில் 'ஃபோனோ' என்று தனித் துளை இருக்கும். இரண்டும் இல்லையென்றால் தனியாக வாங்க வேண்டும்.

மின்சாதனங்களைச் சின்னச் சாரிட்டி ஷாப்கள் பெரும்பாலும் வாங்கிக்கொள்வதே இல்லை. பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் போன்றவை நடத்தும் பெரிய கடைகளில், மின்பாதுகாப்புச் சோதனை முடித்து ஸ்டிக்கர் ஒட்டிய பிளேயர்கள் கிடைக்கும். அந்த ஸ்டிக்கர் பாதுகாப்புக்குத்தான் உத்தரவாதம். பிளேயர் ஒழுங்காகப் பாடுமா என்பதைக் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

படி 2: எந்தக் கடை, எந்த நாள்

ஆக்ஸ்ஃபாமுக்குப் பல ஊர்களில் புத்தகத்துக்கும் இசைக்கும் மட்டுமே தனிக்கடைகள் உண்டு. அங்கே விஷயம் தெரிந்தவர்கள் பார்த்து விலை போடுவார்கள். சரக்கு நன்றாக இருக்கும், அதிசய விலைக்கு எதுவும் அகப்படாது. இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் உள்ளூர் ஹாஸ்பிஸ்களுக்காக நடக்கும் சின்னக் கடைகளில் எல்லாச் சிடிக்கும் ஒரே விலை என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். சிடி 50 பென்ஸிலிருந்து 2 பவுண்டுவரை, எல்பி 1 பவுண்டிலிருந்து 5 பவுண்டுவரை என்பது நான் பொதுவாகக் காணும் விலை. நான் முதலில் நுழைவது இந்த ஹாஸ்பிஸ் கடைகளில்தான்.

வார இறுதியில் வீட்டை ஒழித்து மூட்டை கட்டிக் கொண்டுவருபவர்கள் அதிகம். அதனால் திங்கள், செவ்வாயில் புதுச் சரக்கு தட்டுக்கு வர வாய்ப்பு உண்டு. ஆனால் கடைக்குக் கடை வழக்கம் மாறும். கவுண்டரில் இருக்கும் தன்னார்வலரிடம் எந்த நாளில் அடுக்குவீர்கள் என்று கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள். அவர்களில் நிறையப் பேர் ஓய்வு பெற்றவர்கள். இசை பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர்களிடமிருந்தே பாதி தெரிந்துகொள்ளலாம்.

படி 3: அலமாரியில் கண்ணை ஓட்டுவது

சில பெயர்கள் எல்லாக் கடையிலும் இருக்கும். ஜெர்மன் இசைக்குழுத் தலைவர் ஜேம்ஸ் லாஸ்டின் எல்பிகள் இல்லாத பெட்டியே கிடையாது. அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸும் அப்படித்தான். இலங்கையில் வளர்ந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் ஜிம் ரீவ்ஸை விட்டுவிட வேண்டாம். அந்தக் குரலை ரேடியோவில் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. அட்டை உறையில் வரும் சிடிகளில் பெரும்பாலானவை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளோடு இலவசமாகக் கொடுத்தவை. கேட்கத் தடையில்லை, காசு கொடுத்துச் சேர்க்க அவசியமுமில்லை.

பாடகர் யாரென்றே தெரியாதபோது ரெக்கார்டு கம்பெனியின் பெயரைப் பாருங்கள். புதியவருக்கு நான் தரும் முக்கியமான யோசனை இதுதான். மேற்கத்தியச் செவ்வியலில் மஞ்சள் பட்டையோடு வரும் டாய்ச்ச கிராமஃபோன் நம்பகமானது. 1987இல் ஹாங்காங்கில் தொடங்கிய நாக்ஸாஸ், குறைந்த விலையில் அரிய இசையமைப்பாளர்களையெல்லாம் வெளியிட்டது. ஜெர்மனியின் இசிஎம் என்றால் அமைதியான ஜாஸ். பிரெஞ்சு வானொலியின் ஒகோராவும், பீட்டர் கேப்ரியல் தொடங்கிய ரியல் வேர்ல்டும் பல நாட்டு மரபிசைக்குப் பேர்போனவை. ஒரு கம்பெனியின் இரண்டு ஆல்பம் பிடித்துவிட்டால் மூன்றாவதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

நம் இசையும் கிடைக்கும், தேடும் இடம் தெரிந்தால். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் 1990களில் ரியல் வேர்ல்டுக்கு வாசித்த ஆல்பங்கள் 'வேர்ல்டு மியூசிக்' என்று எழுதிய இடத்தில் இருக்கும். கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் சேர்ந்த சக்தி குழுவை 1970களில் சிபிஎஸ் வெளியிட்டது. அதை ஜாஸ் பகுதியில் தேடுங்கள். ரவிசங்கரும் வயலின் கலைஞர் மெனுஹினும் சேர்ந்து வாசித்தவை செவ்வியல் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும். லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ போன்ற இடங்களில் தமிழர்கள் நிறைய வாழ்வதால் தமிழ்ப் படச் சிடிகளும் கச்சேரிச் சிடிகளும் எப்போதாவது வரும். எழுத்துப் புரியாத தன்னார்வலர் அவற்றை எங்கே செருகுவார் என்று யாருக்கும் தெரியாது. அங்கே எல்லாத் தட்டையும் பாருங்கள்.

படி 4: சிடியைத் திறந்து பாருங்கள்

திறக்காமல் எதையும் வாங்கக் கூடாது. உள்ளே வேறு சிடி இருக்கலாம், இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இருக்கலாம். காலியாகவே இருந்தாலும் பயப்படாதீர்கள்; திருட்டுக்கு அஞ்சிச் சில கடைகள் சிடியைக் கவுண்டருக்குப் பின்னால் வைத்துவிட்டு டப்பாவை மட்டும் அடுக்குவார்கள்.

இனி சிடியின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். பளபளக்கும் அடிப்பக்கத்தில் கீறல் இருந்தால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இசைத் தகவல் இருப்பது எழுத்து அச்சிட்ட மேல்பக்கத்தை ஒட்டி, நூலிழையை விட மெல்லிய அலுமினியப் பூச்சில். அதற்கு மேலே வெறும் வார்னிஷும் மையும்தான் காவல். அடிப்பக்கத்தில் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் இருக்கிறது. லேசர் அதை ஊடுருவித்தான் படிக்கிறது. ஆகவே அடியில் உள்ள மெல்லிய கீறலைப் பெரும்பாலும் பிளேயர் சமாளித்துவிடும், தேவைப்பட்டால் பாலிஷ் போடவும் முடியும். மேல்பக்கத்தில் ஆழமாகக் கீறியிருந்தால் வைத்தியம் இல்லை. சிடியை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளைகளாக வெளிச்சம் ஒழுகினால் பூச்சு உதிர்ந்திருக்கிறது. ஒன்றிரண்டு இருந்தால் ஓடும், சல்லடையாக இருந்தால் வைத்துவிடுங்கள்.

அடிப்பக்கக் கீறலிலும் திசை முக்கியம். நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் கீறல் பரவாயில்லை, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சமே மறைக்கும். விட்டுப்போன தகவலைப் பிளேயர் கணக்கிட்டு நிரப்பிவிடும். வட்டத்தோடு சேர்ந்து வளைந்து ஓடும் கீறல்தான் தொடர்ச்சியாகத் தகவலை மறைத்துப் பாட்டைத் திக்க வைக்கும்.

நிறத்தையும் கவனியுங்கள். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் பிடிஓ ஆலையில் 1988 முதல் 1993 வரை தயாரான சிடிகளில் ஒரு பகுதி, விளிம்பிலிருந்து வெண்கல நிறமாக மாறிக் கெட்டுப்போகின்றன. நடுத்துளையைச் சுற்றி 'மேட் இன் யுகே பை பிடிஓ' என்று இருந்து, நிறமும் மாறியிருந்தால் வேண்டாம். அடிப்பக்கம் பச்சையாகவோ நீலமாகவோ தெரிந்தால் அது பெரும்பாலும் கம்ப்யூட்டரில் பதிந்த நகல்.

டப்பா உடைந்திருப்பது ஒரு குறையே இல்லை. ஒன்றும் தேறாத 50 பென்ஸ் சிடி ஒன்றை வாங்கி அதன் டப்பாவை மாற்றிக்கொள்ளலாம். உள்ளிருக்கும் புத்தகம் இருக்கிறதா என்பதுதான் எனக்குப் பெரிது. பாடல் வரிகள், வாசித்தவர்கள் பெயர், பதிவான இடம் எல்லாம் அதில்தான் இருக்கும். பழைய சிடிகளின் பின்னட்டையில் ஏஏடி, ஏடிடி, டிடிடி என்று மூன்றெழுத்து காணப்படும். பதிவு, மிக்ஸிங், மாஸ்டரிங் மூன்றும் அனலாகில் நடந்ததா டிஜிட்டலிலா என்று வரிசையாகச் சொல்வது அது. தரத்துக்கான முத்திரை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 5: ரெக்கார்டை வெளியே எடுத்துப் பாருங்கள்

பாட்டு பதிந்த பள்ளங்களில் கை படாமல், விளிம்பையும் நடு லேபிளையும் மட்டும் தொட்டு எடுக்க வேண்டும். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். உறைக்குள் போய்வந்ததால் ஏற்பட்ட மயிரிழைக் கோடுகள் பெரும்பாலும் காதில் விழாது. நகத்தால் மெல்ல வருடும்போது தட்டுகிற கீறல் ஒவ்வொரு சுற்றிலும் 'டிக்' என்று கேட்கும். கறுத்துப் பளபளக்க வேண்டிய பள்ளங்கள் சாம்பல் பூத்திருந்தால், தேய்ந்த ஊசியாலும் கனமான பிளேயராலும் அரைபட்ட தட்டு அது, கழுவினாலும் திரும்பாது. நடுத்துளையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால், பலமுறை டர்ன்டேபிளின் நடுக்கம்பியைத் தேடித் துழாவிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்து ரெக்கார்டைக் கண்மட்டத்தில் கிடையாகப் பிடித்து விளிம்பைப் பாருங்கள், வளைவு தெரியும். லேசான வளைவோடு ஊசி ஏறி இறங்கிப் போய்விடும்; விளிம்பில் திடீரென்று ஒரு மடிப்பு இருந்தால் ஊசி துள்ளும். உறையில் பூசண வாடை அடித்தால் வீட்டிலிருக்கும் மற்றவற்றுக்கும் பரவும், எனவே எவ்வளவு ஆசையாக இருந்தாலும் வேண்டாம்.

பொதுவாகச் செவ்வியல் எல்பிகள் நல்ல நிலையில் இருக்கும், பார்ட்டிகளில் சுழன்ற பாப் தட்டுகள் அடிபட்டிருக்கும். 12 அங்குல எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்திலும், 7 அங்குலச் சின்னத்தட்டு பெரும்பாலும் 45 வேகத்திலும் ஓடும். கனமாக, எளிதில் உடைவதாக ஒரு தட்டு கிடைத்தால் அது 78 வேகத்தில் ஓடும் பழைய தட்டு. அதற்கு வேறு ஊசியும் வேறு வேகமும் வேண்டும். இப்போதைக்குத் தொட வேண்டாம்.

படி 6: விலையைச் சரிபார்ப்பது

ரெக்கார்டு, சிடி பதிப்புகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் செயலியில் பார்கோடை ஸ்கேன் செய்தால் எந்தப் பதிப்பு, முன்பு என்ன விலைக்குப் போனது என்று வரும். பழைய எல்பியில் பார்கோடு இருக்காது. பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வரும் வெற்றிடத்தில் செதுக்கியுள்ள எண்ணைத் தட்டச்சு செய்து தேடலாம். கடை 4 பவுண்டு கேட்டு, இணையத்தில் 2 பவுண்டுக்கு அதே ஆல்பம் இருந்தால், தபால் செலவையும் கூட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்துகொண்டு அலமாரியை மறித்து நிற்பது மட்டும் வேண்டாம்.

பேரம் பேசுவது இங்கே அழகில்லை. நாம் கொடுக்கும் காசு புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் ஹாஸ்பிஸ் படுக்கைக்கும் போகிறது. விலை கூடுதல் என்று பட்டால் வைத்துவிட்டு வரலாம். எடுத்த தட்டை எடுத்த இடத்திலேயே நிமிர்த்தி வையுங்கள்.

படி 7: வீட்டுக்கு வந்ததும் ஒரு குளியல்

சிடியை வெதுவெதுப்பான நீரில், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்தோடு அலசுங்கள். மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்கவே கூடாது. விலை ஸ்டிக்கர் டப்பாவில் ஒட்டியிருந்தால் ஹேர் ட்ரையரை லேசாகக் காட்டினால் கழன்று வரும்.

எல்பிக்கு முதலில் கார்பன் ஃபைபர் பிரஷ். அதற்கும் போகாத அழுக்குக்கு, காய்ச்சி வடித்த நீரில் அதே பாத்திரம் கழுவும் திரவத்தை ஓரிரு சொட்டு கலந்து, பள்ளத்தின் வட்டத்தோடு மெல்லத் துடைக்க வேண்டும். சிடிக்குச் சொன்னதற்கு இது நேர் எதிர். பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரால் இன்னொரு முறை. லேபிள் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாக உலர்ந்த பின் புது உள்ளுறையில் போட்டு, நிமிர்த்தி அடுக்குங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கவைத்தாலும், ஹீட்டர் பக்கத்தில் வைத்தாலும் வளைந்துவிடும். 78 தட்டு ஏதாவது கையில் வந்துவிட்டால் ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் அதன்மேல் படக் கூடாது. அதன் அரக்கைக் கரைத்துவிடும்.

படி 8: பிடிக்காதவை

துணிந்து வாங்கியதில் பாதி பிடிக்காமல் போகலாம். இரண்டு வாரம் விட்டு இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள், சில இசைக்கு அந்த இடைவெளி தேவைப்படும். அப்போதும் பிடிக்காவிட்டால் கழுவிய தட்டை அதே கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். பிரிட்டனில் வரி கட்டுபவரானால் கொடுக்கும்போது கிஃப்ட் எய்டு படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் பொருள் விற்ற ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து கூடுதலாக 25 பென்ஸ் அந்த நிறுவனம் வாங்கிக்கொள்ளும். அவர்கள் கொடுக்கும் ஸ்டிக்கர்களை அடுத்த முறைக்கும் வைத்துக்கொள்ளலாம்.