ஊக்க ஆய்வில் முனைவர் பட்டம்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

கல்வி உளவியலில், குறிப்பாகக் கற்றல் ஊக்கம் பற்றிய ஆய்வில், முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்களின் ஆய்வு முன்மொழிவுகளைப் படித்துக் கருத்துச் சொல்வது என் பணியின் ஒரு பகுதி. இந்த ஆண்டு வந்தவற்றுள் மூன்றில், நான் மாணவனாக இருந்தபோது செய்த அதே தவறு, ஏறத்தாழ அதே சொற்களில் இருந்தது. முதல் முன்மொழிவில் அதைக் கண்டபோது சிரித்தேன். மூன்றாவதில் கண்டபோது சிரிப்பு வரவில்லை. தரவை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள், அறநெறிக் குழுவின் ஒப்புதலை முன்கூட்டியே பெறுங்கள் என்பன போன்ற அறிவுரைகள் எல்லாக் கையேடுகளிலும் இருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அளவுகோலின் பெயரை நம்புவது

என் ஆய்வின் கேள்வி எளிமையானது. படிப்படியாகக் கடினமாகும் கணக்குகளைக் கொடுத்து, ஒவ்வொரு படியிலும் மாணவர் தாமே வெற்றி பெறும்படி பாடத்தை அமைத்தால், 'இந்தக் கணக்கை என்னால் போட முடியும்' என்ற நம்பிக்கை உயருமா? ஆல்பர்ட் பண்டுரா 1977-இல் முன்வைத்த தன்திறன் நம்பிக்கைக் கோட்பாட்டின்படி அந்த நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகள் உண்டு: தானே செய்து பெற்ற வெற்றி, பிறர் செய்வதைக் காண்பது, பிறர் சொல்லும் தேற்றுமொழி, அந்த நேரத்தில் உடலும் மனமும் இருக்கும் நிலை. இவற்றுள் முதலாவதே வலியது என்பது அவர் கருத்து. என் தலையீடும், அதாவது நான் வகுப்பில் புகுத்திய அந்தப் பாட அமைப்பும், அதையே குறிவைத்தது. கோட்பாட்டில் குறையில்லை, பாடத்திட்டத்திலும் குறையில்லை. அளவிடுவதற்கு மட்டும், 'தன்திறன் நம்பிக்கை' என்று தலைப்பிட்ட பத்துக் கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை, அதைப் பயன்படுத்தியிருந்த வேறொருவர் கட்டுரையின் பின்னிணைப்பிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டேன். முன்னோட்ட ஆய்வில், அளவுகோலின் நம்பகத்தன்மைக்கு வழக்கமாகக் காட்டப்படும் குரோன்பாக் ஆல்ஃபா 0.91 வந்தது; 1-ஐ நெருங்க நெருங்க நல்லது என்பார்கள். அந்த எண்ணைக் கண்டதோடு அளவுகோலைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டேன்.

அதன்பின் பதினான்கு மாதங்கள், 20 வகுப்புகள், 600 மாணவர்கள். தலையீடு பெற்ற வகுப்புகளில் கணக்கு மதிப்பெண் உயர்ந்தது. நம்பிக்கை மட்டும் இம்மியும் அசையவில்லை. தலையீட்டுக் காலம் போதவில்லை, மாணவரின் பழைய தோல்விகள் ஆழமானவை என்றெல்லாம் ஆய்வேட்டின் கடைசி இயலில் பல பக்கங்கள் எழுதினேன். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அவற்றைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பின்னிணைப்பைத் திறந்து மூன்று கூற்றுகளை உரக்கப் படித்தார். என் வகுப்பிலுள்ள மற்றவர்களைவிடக் கணக்கை நான் நன்றாகச் செய்கிறேன் என்பது ஒன்று. மற்ற இரண்டும் அதன் உடன்பிறப்புகள். 'வகுப்பு முழுவதும் சேர்ந்து முன்னேறினால், இந்தக் கேள்விக்கு ஒரு மாணவர் தம் விடையை எதற்காக மாற்ற வேண்டும்?' என்று கேட்டார்.

பத்துக் கூற்றுகளில் ஏழு அப்படிப்பட்டவை. வகுப்பில் எல்லோரும் ஒரு படி ஏறினால் வரிசை மாறாது. வரிசை மாறாவிட்டால் வரிசையைக் கேட்கும் அளவுகோலின் மதிப்பும் மாறாது. என் தலையீடு வெற்றி பெற்றிருந்தாலும் அந்த வினாநிரலில் அது தெரிந்திருக்க வழியே இல்லை. தலையீட்டால் நம்பிக்கை உயர்ந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்காத கேள்விக்கான விடையை எந்தப் புள்ளியியல் முறையாலும் பிற்பாடு வரவழைக்க முடியாது.

நான் அளந்தது தன்திறன் நம்பிக்கையைவிடத் தற்கருத்துக்கு நெருக்கமானது. கணக்கில் நான் எப்படிப்பட்டவர் என்று ஒருவர் தம்மைப் பற்றிப் பொதுவாக வைத்திருக்கும் மதிப்பீடு தற்கருத்து. உடன் படிப்பவர்களோடு ஒப்பிடுவது அதன் உயிர்நாடி. தன்திறன் நம்பிக்கையோ குறிப்பிட்ட ஒரு பணியை இனிமேல் செய்து முடிக்க முடியுமா என்பதைப் பற்றியது. ஃபிராங்க் பஜாரஸும் டேவிட் மில்லரும் 1994-இல் 350 இளநிலை மாணவரிடம் இரண்டையும் தனித்தனியே அளந்தபோது, கணக்கைத் தீர்க்கும் திறனை முன்னறிவதில் தன்திறன் நம்பிக்கையே முந்தி நின்றது. ஆக, இது வெறும் சொற்சண்டை அன்று. தமிழில் சிந்திக்கும் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தன்திறன் நம்பிக்கை, தற்கருத்து, தன்மதிப்பு ஆகிய மூன்றையும் 'தன்னம்பிக்கை' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பேச்சில் அதனால் தீங்கில்லை, வினாநிரலில் உண்டு.

புகழ்பெற்ற அளவுகோல் என்பதால் மட்டும் பாதுகாப்பு கிடைத்துவிடாது. பால் பின்ட்ரிச்சும் எலிசபெத் டி குரூட்டும் 1990-இல் வெளியிட்டு, பின்னர் எண்ணற்ற ஆய்வேடுகளில் எடுத்தாளப்பட்ட வினாநிரலின் தன்திறன் நம்பிக்கைப் பகுதியிலும், வகுப்பிலுள்ள மற்றவர்களோடு ஒப்பிடச் சொல்லும் கூற்றுகள் இருக்கின்றன. அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்விக்கு அது பொருந்தியது. என் கேள்விக்குப் பொருந்தவில்லை. ஆல்ஃபாவும் இதைக் காட்டிக்கொடுக்காது. கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஒரே ஒப்பீட்டை ஏழு விதமாகக் கேட்டால் ஆல்ஃபா உயரத்தான் செய்யும்.

ஒரே பெயர் தாங்கியதால் இரண்டு பொருள்களை ஒன்றென்று கொள்ளும் இந்த மயக்கத்தைப் பற்றி எட்வர்ட் தார்ன்டைக் 1904-இலேயே எச்சரித்திருக்கிறார். நூறாண்டுக்கு மேலாக எச்சரிக்கப்பட்டு வரும் ஒன்றில் போய் விழுந்தேன் என்பதுதான் இன்றும் எரிச்சலூட்டுகிறது.

இப்போது என்னிடம் வருபவர்களை ஒரு வேலை செய்யச் சொல்கிறேன். எந்த அளவுகோலையும் பார்ப்பதற்கு முன், அளக்க விரும்புவதை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். அதில் எந்தப் பணி, எந்தக் காலம், எதனோடு ஒப்பீடு என்ற மூன்றும் இருக்க வேண்டும். பிறகு அளவுகோலின் தலைப்பை மறைத்துவிட்டு, கூற்றுகளை மட்டும் துறைக்கு வெளியே உள்ள இருவரிடம் கொடுத்து, இவை எதைப் பற்றிக் கேட்கின்றன என்று கேட்க வேண்டும். அதன்பின் பத்து மாணவரோடு தனித்தனியே அமர்ந்து, ஒவ்வொரு கூற்றுக்கும் விடையளிக்கும்போது மனத்தில் என்ன ஓடியது என்று சொல்லச் சொல்ல வேண்டும். தன்திறன் நம்பிக்கையை அளப்பவர்கள், பண்டுரா 2006-இல் எழுதிய அளவுகோல் வழிகாட்டியையும் தவறாமல் படிக்க வேண்டும். 'முடியும்' என்று கேட்பது திறனைப் பற்றியது, 'செய்வேன்' என்று கேட்பது எண்ணத்தைப் பற்றியது என்ற வேறுபாட்டை அதில் அவர் வலியுறுத்துகிறார். எல்லாம் சேர்ந்து மூன்று வார வேலை. என் பதினான்கு மாதங்களோடு ஒப்பிட்டால் மிகவும் மலிவு.

மொழிபெயர்ப்பை ஒரே இரவில் முடிப்பது

மேற்சொன்ன தவறின் தங்கை இது. 'ஊக்கம்' உள்ளிருந்து எழுவது. 'ஊக்குவிப்பு' மற்றொருவர் தருவது. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டிருந்த ஒரு வினாநிரலை அண்மையில் பார்த்தேன். அதற்கு விடையளித்த மாணவர்களுள் ஒரு சாரார் தங்களைப் பற்றியும் மற்றொரு சாரார் ஆசிரியரைப் பற்றியும் பேசியிருப்பார்கள். யார் எதைப் பேசினார் என்பதைத் தரவிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை. மொழிபெயர்த்ததை வேறொருவரிடம் கொடுத்து மூலமொழிக்குத் திருப்பி மொழிபெயர்க்கச் செய்வது அவசியம். ஆனால் அது மட்டும் போதாது. திரும்பி வந்த வாக்கியம் மூலத்தோடு பொருந்தினாலும், பன்னிரண்டு வயது மாணவருக்கு அது புரியாமலே போகலாம்.

வகுப்பறையை மறந்த கணக்கீடு

ஒரே வகுப்பில் படிப்பவர்கள் ஒரே ஆசிரியரைப் பகிர்ந்துகொள்வதால், அவர்களுடைய விடைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஆகவே 20 வகுப்புகளில் தலா 30 பேர் என்றால், 600 தனித்தனிச் சான்றுகள் கிடைத்துவிட்டதாகப் பொருள் இல்லை. மொத்த வேறுபாட்டில் வகுப்புக்கு வகுப்பு உள்ள பங்கு 0.2 என்று வைத்துக்கொண்டால், மாதிரி வடிவமைப்பின் விளைவு, அதாவது மொத்த எண்ணிக்கையை எவ்வளவால் வகுக்க வேண்டும் என்பது, 1 + ((30 − 1) × 0.2) = 6.8. 600-ஐ 6.8-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 88. அந்தப் பங்கு வெறும் 0.05 என்றாலும் பயன்தரும் எண்ணிக்கை 245-க்கு மேல் போகாது. தலையீட்டை வகுப்பு வகுப்பாகக் கொடுத்துவிட்டு, பகுப்பாய்வை மட்டும் தனிநபர் தனிநபராகச் செய்தால், இல்லாத விளைவுகூட இருப்பதாகத் தோன்றும். மாணவரையும் வகுப்பையும் தனித்தனி மட்டங்களாகக் கணக்கில் கொள்ளும் பல மட்டப் பகுப்பாய்வு முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமாக, தரவு திரட்டுவதற்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள். ஒரு வகுப்பில் பத்துப் பேரைக் கூட்டுவதைவிட இரண்டு வகுப்புகளைக் கூட்டுவது ஏன் மேல் என்பது அப்போதுதான் விளங்கும்.

ஒரே நாளில் திரட்டிய தரவைக் கொண்டு காரணம் பேசுவது

ஊக்கத்தால் மதிப்பெண் வந்ததா, மதிப்பெண்ணால் ஊக்கம் வந்ததா என்று அந்தத் தரவால் சொல்ல முடியாது.

ஒரு கோட்பாட்டின் தொண்டராவது

நெறியாளர் எந்தக் கோட்பாட்டில் வளர்ந்தாரோ அதுவே மாணவருக்கும் தாய்வீடாகிவிடுகிறது, அதில் வியப்பில்லை. எதிர்த்தரப்பின் கட்டுரைகளைச் சுருக்கத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் தவறு. 'பரிசு ஆர்வத்தைக் கொல்லும்' என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டு 1973-இல் மார்க் லெப்பர் குழுவினர் செய்த ஆய்வை மேற்கோள் காட்டும் முன்மொழிவுகள் எனக்கு ஆண்டுதோறும் வருகின்றன. அந்த ஆய்வில் பங்கேற்ற சிறுவர்கள், படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வம் காட்டியவர்கள் என்பதாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பரிசு தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையவைக்கப்பட்டவர்களிடம்தான் பின்னர் ஆர்வம் குறைந்தது. சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களிடம் குறையவில்லை. இந்த இரண்டு நிபந்தனைகளையும் விட்டுவிட்டால் மிஞ்சுவது வேறொரு கூற்று.

பரிசைப் பற்றிய பூசல் அதோடு முடியவும் இல்லை. பரிசு பொதுவாக உள்ளார்ந்த ஊக்கத்தைக் குறைப்பதில்லை என்று ஜூடி காமரனும் டேவிட் பியர்ஸும் 1994-இல் தொகுத்துச் சொன்னார்கள். எட்வர்ட் டெசியும் அவர் குழுவினரும் 1999-இல் 128 ஆய்வுகளைத் தொகுத்து, எதிர்பார்த்துப் பெறும் பொருட்பரிசு ஊக்கத்தைக் குறைக்கிறது என்றும், பாராட்டுச் சொல் உயர்த்துகிறது என்றும் மறுத்தார்கள். இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே ஆய்வுக் கட்டுரைகளை வைத்துக்கொண்டு வெவ்வேறு முடிவுக்கு எப்படி வந்தன, எந்த ஆய்வுகளை எந்தக் கூட்டில் அடைத்தன என்று ஒரு மாதம் உட்கார்ந்து பார்ப்பவர், தொகுப்பாய்வு பற்றிய எந்தப் பாடநூலிலும் கிடைக்காத ஒன்றைக் கற்றுக்கொள்வார்.

புதிய கருத்தாக்கத்துக்குப் பெயர் சூட்டுவது

வேண்டாம். இருப்பவற்றையே இன்னும் பிரித்தறிந்து முடியவில்லை.

முடிவைப் பார்த்தபின் கருதுகோள் எழுதுவது

இதை நார்பர்ட் கெர் 1998-இல் 'HARKing' என்று பெயரிட்டே கண்டித்தார். ஆனாலும் பன்னிரண்டு துணை அளவுகோல்களை ஓட்டிப் பார்த்து, தேறிய இரண்டைப் பற்றி மட்டும் 'நாங்கள் எதிர்பார்த்தபடியே' என்று எழுதும் வழக்கம் போகவில்லை. கருதுகோளைத் தரவு திரட்டும் முன்பே பொதுவில் பதிவு செய்யுங்கள், எதிர்பாராமல் கிடைத்ததை எதிர்பாராதது என்றே எழுதுங்கள்.

புகழைப் பார்த்து நெறியாளரைத் தேர்வது

என்னோடு பதிவு செய்த ஒருவர், துறையில் எல்லோரும் அறிந்த ஒருவரின் கீழ் இடம் பெற்றார். எங்களுக்கெல்லாம் அவர்மேல் சற்றுப் பொறாமைதான். அவருடைய முதல் இயல் எட்டு மாதம் கழித்து, முகப்புப் பக்கத்தில் மட்டும் இரண்டு திருத்தங்களோடு திரும்பி வந்தது. நெறியாளரின் கட்டுரைப் பட்டியலைப் படிப்பதைவிட, அவரிடம் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களிடம் சில கேள்விகள் கேட்பது பயன் தரும். கொடுத்த வரைவு எத்தனை வாரத்தில் திரும்பி வரும்? கட்டுரையில் ஆசிரியர் வரிசை எப்போது முடிவாகிறது, எழுதும் முன்பா, பின்பா? முடிவு அவர் கோட்பாட்டுக்கு மாறாக வந்தபோது என்ன நடந்தது? மூன்றாவது கேள்விக்கு விடை சொல்லத் தயங்குபவர் ஏற்கெனவே விடை சொல்லிவிட்டார்.

மதிப்பாய்வாளரை வென்றுவிடத் துடிப்பது

முதல் மதிப்பாய்வுக் கடிதத்தைப் படித்தவுடன் பதில் எழுத உட்காரக் கூடாது. அதற்கு என் முன்னோட்ட ஆய்வின் கதையே சான்று. அதை ஒரு சிறு கட்டுரையாக ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தேன். இரண்டாம் மதிப்பாய்வாளர் ஒரே ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: கூற்றுகள் சில ஒப்பீட்டுத் தன்மை கொண்டவையாகத் தோன்றுகின்றன, ஆசிரியர் இதை விளக்க முடியுமா? முதன்மை ஆய்வுக்குத் தரவு திரட்டத் தொடங்க அப்போது இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அளவுகோலை மாற்ற அது தாராளமாகப் போதும். நான் அன்று மாலையே பதில் எழுதி அனுப்பினேன். பதிப்பாசிரியரும் அதை ஏற்றுக்கொண்டார். அந்தக் கடிதத்தின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் 0.91 என்ற எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.