"பொறுமையா இருங்க" என்று சொல்லிவிடுகிறார்கள், எப்படி இருப்பது?

ஒருவருக்குக் கஷ்டம் என்றால் சபையில் உடனே வரும் ஆறுதல் "பொறுமையா இருங்க, கர்த்தர் பார்த்துக்குவார்" என்பதுதான். வார்த்தை சரிதான். ஆனால் வேலை இல்லாமலோ, குழந்தைக்காகவோ, ஒரு பரிசோதனை முடிவுக்காகவோ காத்துக்கொண்டிருப்பவருக்கு, இன்று காலை எழுந்ததும் என்ன செய்வது என்று யாராவது சொன்னால்தானே உதவி?

முதலில், வாயை மூடிக்கொண்டு சகிப்பதுதான் பொறுமை என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். யாக்கோபு 5:11, பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபின் பொறுமையைப் புகழ்கிறது; அதே யோபு மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அத்தனையும் கேட்ட தேவன், கடைசியில் யோபு தம்மைக்குறித்து நிதானமாய்ப் பேசினார் என்றுதான் சொன்னார், கண்டிக்கப்பட்டது அவருடைய நண்பர்கள். எனவே புலம்புங்கள், ஆனால் அவரிடமே புலம்புங்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் சங்கீதம் 13ஐச் சத்தமாக வாசியுங்கள். ஆறே வசனம், அதில் நான்கு தடவை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார் தாவீது. ஒவ்வொரு "எதுவரைக்கும்" வரும்போதும் நிறுத்தி, உங்கள் விஷயத்தை அதன் பெயரைச் சொல்லியே கேளுங்கள், மழுப்ப வேண்டாம்.

அப்புறம், ஒரு தாளை எடுத்து நடுவில் ஒரு கோடு போடுங்கள். ஒரு பக்கம் என் கையில் இருப்பது, மறுபக்கம் என் கையில் இல்லாதது. முன்மாரியும் பின்மாரியும் வரும்வரை காத்திருக்கும் பயிரிடுகிறவனைத்தான் யாக்கோபு உதாரணம் காட்டுகிறார். அவன் சும்மா உட்கார்ந்திருப்பவன் அல்ல, உழுவதும் விதைப்பதும் அவன் வேலை, மழை மட்டும் அவன் கையில் இல்லை. விண்ணப்பம் போடுவது, மருந்தைத் தவறாமல் எடுப்பது, நேரில் போய்ப் பேசுவது எல்லாம் முதல் பக்கம். அவர்கள் என்ன முடிவெடுப்பார்கள், எப்போது எடுப்பார்கள் என்பது இரண்டாம் பக்கம். முதல் பக்கத்தில் இன்றைக்கு ஒன்றைச் செய்யுங்கள், இரண்டாம் பக்கத்தை ஜெபத்தில் வையுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது குறுக்குவழி. பலி செலுத்த வருவதாகச் சொல்லியிருந்த தீர்க்கதரிசி சாமுவேலுக்காகச் சவுல் ராஜா ஏழு நாள் காத்திருந்தான். ஜனங்கள் சிதறிப்போகிறார்கள், பெலிஸ்தர் மிக்மாசில் கூடிவிட்டார்கள், இனியும் தாங்காது என்று தானே தகனபலியைச் செலுத்தினான். செலுத்தி முடிக்கும் நேரத்தில் சாமுவேல் வந்து நிற்கிறார். அவன் சொன்ன காரணங்களை வாசித்துப் பாருங்கள், ஒவ்வொன்றும் நியாயமாகவே தெரியும், அதுதான் பயமாக இருக்கிறது. ஆபிரகாம் ஆரானைவிட்டுப் புறப்பட்டபோது வயது 75, தேவன் வாக்குக்கொடுத்த மகன் ஈசாக்கு பிறந்தபோது 100, நடுவில் 86 வயதில், காத்திருக்க முடியாமல், மனைவியின் வேலைக்காரி ஆகாரிடம் இஸ்மவேல். பெரிய முடிவு எடுக்குமுன் உங்களையே கேளுங்கள்: இது சரியென்று தோன்றுவதால் செய்கிறேனா, காத்திருக்க முடியாததால் செய்கிறேனா? இரண்டாவதுதான் பதில் என்றால் அன்றைக்கு அந்த முடிவை எடுக்காதீர்கள்.

காத்திருப்பதைவிட மனிதர்களைப் பொறுப்பதுதான் கஷ்டம் என்று எனக்குத் தோன்றுகிறது. மத்தேயு 18இல், பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன் ராஜாவின் காலில் விழுந்து "என்னிடத்தில் பொறுமையாயிரும்" என்கிறான், மன்னிக்கப்படுகிறான். வெளியே வந்ததும், தன்னிடம் நூறு பணம் கடன்பட்ட உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான், அவன் அதே வார்த்தையைச் சொல்லிக் கெஞ்சியும் சிறையில் போடுவிக்கிறான். ஒரு பணம் என்பது ஒரு நாள் கூலி, ஒரு தாலந்தோ ஏறக்குறைய 6,000 நாள் கூலி. சற்று முன் தன் வாயிலிருந்து வந்த வார்த்தை அவன் காதிலேயே விழவில்லை.

வயதான அம்மா ஒரே கேள்வியை நான்காவது முறை கேட்கிறார் என்று வையுங்கள். "இப்பத்தானே சொன்னேன்" என்பது நாக்கு நுனியில் நிற்கிறது. அந்த இடத்தில் செய்ய வேண்டியது சின்ன விஷயம்தான்: கையில் இருப்பதைக் கீழே வையுங்கள், அவர் முகத்தைப் பாருங்கள், முதல் தடவை கேட்டதைப் போலவே பதில் சொல்லுங்கள். வாழ்நாள் முழுவதற்கும் பொறுமை வேண்டாம், "ஆண்டவரே, இந்த ஒரு பதிலுக்குப் பொறுமை தாரும்" என்று மனதுக்குள் கேட்டால் போதும். நீடிய பொறுமை ஆவியின் கனி என்று கலாத்தியர் 5:22 சொல்வதால் கேட்க வேண்டிய இடம் அதுதான், பல்லைக் கடிப்பதால் வராது.

இரவில் கோபமாக வந்த மெசேஜுக்குப் பதிலைக் காலையில் அனுப்புங்கள். சூரியன் அஸ்தமிக்குமுன் எரிச்சல் தணிய வேண்டும் என்று எபேசியர் 4:26 சொல்கிறதே என்றால், ஆமாம், எரிச்சலை அன்றைக்கே ஜெபத்தில் இறக்கி வையுங்கள், பதில் மட்டும் விடியட்டும்.

ஒன்றை அழுத்தியே சொல்கிறேன். வீட்டில் அடி வாங்கும் ஒருவரிடம் "பொறுத்துப் போ" என்று சொல்லாதீர்கள், அதற்கு வசனத்தைத் துணைக்கு இழுக்காதீர்கள். பிரதான ஆசாரியனுக்கு முன்னால் அறையப்பட்டபோது இயேசுவே "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். பிலிப்பியில் அடிக்கப்பட்ட பவுல், தான் ரோமக் குடிமகன் என்று சொல்லி அதிகாரிகளையே நேரில் வரவழைத்தார். அடிபடுகிறவர் நீங்கள் என்றால் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், போலீஸுக்குப் போக வேண்டுமானால் போங்கள். இதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

கடைசியாக, தனியாகக் காத்திருக்காதீர்கள். அமலேக்கோடு யுத்தம் நடந்த நாளில் உயர்த்திப் பிடித்திருந்த மோசேயின் கைகளே அசந்துபோயின, சூரியன் அஸ்தமிக்கும்வரை ஆரோனும் ஊர் என்பவரும் இருபக்கமும் தாங்கினார்கள். பொதுவாக "எனக்காக ஜெபியுங்கள்" என்று சொல்லாமல், வாயைக் காத்துக்கொள்ளும் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, எதற்காகக் காத்திருக்கிறீர்கள், முடிவு எந்தத் தேதியில் தெரியும் என்று விவரமாகச் சொல்லுங்கள், உங்களுக்கு ஜெபிக்கவே மனம் வராத நாளில் உங்கள் பங்கையும் சேர்த்து ஜெபிக்கும்படி இப்போதே கேட்டு வையுங்கள்.