அனியூரிசம் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபின்

மூளை ரத்தக்குழாய் வீக்கம் (அனியூரிசம்) வெடிப்பதற்கு முன்பே அதற்குள் காயில் என்னும் மெல்லிய உலோகச் சுருள் வைத்தவர்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் வழக்கமான வேலைகளுக்குத் திரும்பிவிடுவார்கள். மண்டையோட்டைத் திறந்து, வீக்கத்தின் அடியில் கிளிப் என்னும் சின்ன உலோகக் கவ்வி போட்டிருந்தால் 4 முதல் 6 வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். வெடித்து ரத்தம் கசிந்தவர்களுக்கு மாதக்கணக்கு. பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு சீக்கிரம் தேறினார் என்று ஒப்பிட வேண்டாம்.

தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாகக் காயில் வைத்திருந்தால் ஒரு வாரம் 4 கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. இருமல், தும்மல் வந்தால் அந்த இடத்தைக் கையால் அழுத்திக்கொள்ளுங்கள். அங்கே ரத்தம் கசிந்தால் படுத்துக்கொண்டு, வேறொருவரை விட்டு 10 நிமிடம் கையை எடுக்காமல் அழுத்தச் சொல்லுங்கள். நிற்கவில்லையென்றாலோ, வீக்கம் பெருத்தாலோ உடனே ஆம்புலன்ஸ்.

கிளிப் போட்டவர்களுக்கு மெல்லும்போது காதுக்கு முன்னால் வலிக்கும். நெற்றிப்பொட்டுத் தசையை விலக்கித் திரும்பத் தைப்பதால் வருவது அது. தாடையை அசைக்காமலே வைத்திருந்தால் இறுகிப்போகும். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தினமும் சில முறை மெல்லத் திறந்து மூடுங்கள். தையலைச் சுற்றி மரத்துப்போவதும், எலும்பு சேரும்வரை தலைக்குள் 'டிக்' என்று கேட்பதும் வழக்கம்தான்.

ஆளைப் படுத்தி எடுப்பது அசதி. குளித்துவிட்டு வந்தாலே படுக்கத் தோன்றும். இது சோம்பல் இல்லை, வீட்டார் இதைப் புரிந்துகொண்டே ஆக வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான்: கொஞ்சம் தெம்பான நாளில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் எழுந்திருக்க முடியாமல் கிடப்பார்கள். 10 நிமிட நடையில் தொடங்குங்கள். மறுநாள் காலை உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகே 5 நிமிடம் கூட்டுங்கள். அலுவலகத்துக்கும் முதலில் அரை நாள்தான். கூட்டமும் இரைச்சலும் நடையைவிட அதிகமாகக் களைப்பூட்டும்.

ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் என்னும் வலைக்குழாய் வைத்திருந்தால், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளான ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் மருத்துவர் சொல்லாமல் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள்; உள்ளே ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். பல் பிடுங்கப் போனாலும் இதை முதலில் சொல்லிவிடுங்கள். புகை அறவே கூடாது. வாகனம் ஓட்ட மருத்துவரின் அனுமதி வேண்டும்.

திடீரென்று இடி விழுந்தாற்போல் தலைவலி, வாய் கோணல், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், வலிப்பு, காய்ச்சலோடு கழுத்து இறுக்கம் என எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

உள்ளே வைத்த கிளிப் அல்லது காயிலின் விவரம் உள்ள அட்டையைப் பர்சிலேயே வைத்திருங்கள். எம்ஆர்ஐ எடுக்கும் முன் அங்கிருப்பவர்கள் அதைத்தான் கேட்பார்கள்.