பேச முடியாத குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால்: வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் மருத்துவத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே பயிற்சி தரும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் ஒன்றில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். புதிதாக வரும் பெற்றோரும் புதிதாகச் சேரும் தெரப்பிஸ்டுகளும், எங்கள் தலைமுறை எங்கெல்லாம் இடறியதோ அதே இடங்களில் இடறுகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தெரப்பிக்கு லீவு போடாதீர்கள், மருந்தை நேரத்துக்குக் கொடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

புதிதாக எது வந்தாலும் "இந்தப் பிள்ளைகள் அப்படித்தான்" என்பது

ஒன்பது வயதுப் பையன். ஆட்டிசம், பேச்சு இல்லை. ஒழுங்காகப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தவன் திடீரென்று தன் வலது தாடையில் தானே குத்திக்கொள்ள ஆரம்பித்தான். முதலில் சாயங்காலத்தில் மட்டும், அப்புறம் ராத்திரியிலும். பள்ளியில் "பிஹேவியர் ஜாஸ்தியாகிவிட்டது" என்றார்கள். காட்டிய டாக்டர் ஃபைலின் முதல் பக்கத்தைப் பார்த்தார், ஆட்டிசம் என்று இருந்தது, ஆவேசத்தை அடக்கும் ரிஸ்பெரிடோன் மருந்தை எழுதிக் கொடுத்தார். குத்துவது நிற்கவில்லை. டோஸை ஏற்றினார்கள். பையன் எடை போட்டான், பகலெல்லாம் தூங்கி வழிந்தான், விழித்ததும் மறுபடி குத்தினான். கையில் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டார்கள். கொஞ்ச நாள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று பள்ளி சொல்லிவிட்டது. இப்படியே அரை வருடத்துக்கு மேல் ஓடியது.

என்னிடம் அவன் வந்தது, நடக்கும்போது தள்ளாடுகிறான் என்பதற்காக. பேச்சோடு பேச்சாகச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன்.

"முறுக்குன்னா உயிரை விடுவான் மேடம். இப்ப தொடறதே இல்ல. தண்ணி குடிக்கறதுன்னாகூட தலையை இடது பக்கமா சாய்ச்சுக்கிட்டுத்தான் குடிக்கறான்."

"இதை டாக்டர்கிட்ட சொன்னீங்களாம்மா?"

"சொன்னேன் மேடம். இந்த மாதிரி பிள்ளைங்க சாப்பாட்டுல அடம் பிடிக்கத்தான் செய்யும்னுட்டாங்க."

பல் டாக்டர் மயக்க மருந்து கொடுத்து வாயைத் திறந்து பார்த்தார். வலது கீழ்க் கடைவாய்ப் பல் வேர்வரை சொத்தை, அடியில் சீழ். பல்லை எடுத்த வாரத்திலேயே குத்துவது நின்றுவிட்டது. ரிஸ்பெரிடோனைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்த மேலும் சில மாதங்கள் பிடித்தன. போன பள்ளி இடம் போனதுதான்.

இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. அந்தப் பிள்ளை சொல்லாமல் இருக்கவில்லை. தலையில் அடித்துக்கொள்ளவில்லை, கையைக் கடித்துக்கொள்ளவில்லை, வலிக்கும் இடத்தைத்தான் குத்திக் காட்டிக்கொண்டே இருந்தான். அவன் அம்மாவும் முறுக்கிலிருந்து தண்ணீர்வரை எல்லாவற்றையும் கவனித்துச் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் அனைவரின் கண்ணையும் ஃபைலில் இருந்த ஒரு வார்த்தை மறைத்துவிட்டது. டயக்னாஸ்டிக் ஓவர்ஷேடோயிங் என்று மருத்துவத்தில் இதற்குப் பெயரே உண்டு. முதலில் கண்டுபிடித்த குறைபாட்டின் நிழலில் அடுத்த நோய் தெரியாமலே போய்விடும்.

ஆட்டிசத்தில் மட்டும் நடப்பதில்லை இது. பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள குழந்தை சாப்பிட்ட பிறகு முதுகை வில்லாக வளைத்து, கழுத்தைத் திருப்பிக்கொண்டு அழும். வலிப்பு என்பார்கள், இறுக்கம் என்பார்கள். பல நேரம் அது வயிற்று அமிலம் மேலே ஏறுவதால் வரும் எரிச்சல். டவுன் சிண்ட்ரோம் குழந்தை மந்தமாகிறது, மலம் இறுகுகிறது, எடை கூடுகிறது என்றால் "டவுன் குழந்தைதானே" என்று விடக் கூடாது. இவர்களுக்குத் தைராய்டு குறைபாடு அதிகம் வரும். பிறந்தவுடன் ஒரு தடவை, 6 மாதத்தில், 12 மாதத்தில், அதன் பிறகு வருடம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஜட்டியில் தண்ணியாகப் போகிறது என்று பேதி மருந்து கொடுத்த குழந்தைகளுக்கு, வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் உள்ளே கல் போல மலம் அடைத்திருக்கும். அந்த அடைப்பைச் சுற்றிக் கசிவதைத்தான் பேதி என்று நினைத்திருப்பார்கள்.

என் துறையிலேயே நடப்பதையும் சொல்ல வேண்டும். நடக்க முடியாத பெருமூளை வாதக் குழந்தை டயப்பர் மாற்றும்போதும் காலை அகட்டும்போதும் அழுதால், "இறுக்கம், இன்னும் ஸ்ட்ரெச் பண்ணுங்கள்" என்று புதுத் தெரப்பிஸ்ட் சொல்லிவிட்டுப் போகிறார். பெருமூளை வாதக் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல விலகுகிறது. நடக்காத குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஆரம்பத்தில் வலியே இருக்காது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். தெற்கு ஸ்வீடனில் 1994 முதல் இந்தக் குழந்தைகளுக்கு முறையாக இடுப்பு எக்ஸ்ரே எடுத்துக் கண்காணித்ததில், மூட்டு முழுதாகக் கழன்றுபோவது மிகவும் குறைந்துவிட்டது. ஆகவே எக்ஸ்ரே பார்க்காமல் அழுகிற குழந்தையின் காலை யாரையும் அகட்ட விடாதீர்கள், அது நானாக இருந்தாலும் சரி.

சரி, என்ன செய்ய வேண்டும்? பழக்கம் திடீரென்று மாறினால் முதலில் உடம்பைத் தேடுங்கள். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை, துணியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். காது, பல், தொண்டை, வயிறு, தோல், நகக்கண், ஆண் குழந்தை என்றால் விதைப்பை. கை காலைத் தாங்கக் கட்டும் ஸ்ப்ளின்ட் உரசிப் புண்ணாகியிருக்கிறதா? ஷூ சின்னதாகிவிட்டதா? பெண் குழந்தை என்றால் மாதவிலக்கை ஒட்டி வருகிறதா? சமீபத்தில் ஏதாவது மருந்து மாறியதா?

அப்புறம் எழுதி வையுங்கள். எந்த நேரம், சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து, கடைசியாக மலம் போனது எப்போது, எதைத் தொடவில்லை, எந்தப் பக்கம் படுக்க மறுக்கிறது. கூடவே செல்போனில் ஒரு நிமிட வீடியோ எடுங்கள். ஓ.பி.யில் டாக்டர் முன்னால் குழந்தை அமைதியாக உட்கார்ந்திருக்கும், நீங்கள் சொல்வது மிகைபோலத் தோன்றும். வீடியோ இருந்தால் அந்தச் சிக்கல் இல்லை.

பேச முடியாதவர்களின் வலியை அளக்கவே ஃப்ளாக் என்ற அளவுகோல் இருக்கிறது. முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். திருத்திய வடிவத்தில், தங்கள் பிள்ளைக்கே உரிய வலி அடையாளங்களைப் பெற்றோர் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு பிள்ளை வலி வந்தால் சிரிக்கும், ஒன்று அப்படியே உறைந்துபோகும். அது அம்மாவுக்குத்தான் தெரியும், ஃபைலில் எழுதச் சொல்லுங்கள்.

டாக்டர் "அது பிஹேவியர்தாம்மா" என்று முடிக்கப் பார்த்தால், மரியாதையாக இப்படிக் கேளுங்கள்: "டாக்டர், பேசத் தெரிந்த ஒரு குழந்தைக்கு இதே மாதிரி வந்திருந்தால் என்னென்ன டெஸ்ட் எடுப்பீர்கள்? அதை இவனுக்கும் எடுத்துவிடலாமா?" நல்ல டாக்டர்கள் இதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. ரிஸ்பெரிடோன் கெட்ட மருந்தும் இல்லை. எத்தனையோ குழந்தைகளுக்கு உதவியிருக்கிறது. ஆனால் உடம்பைத் தேடிப் பார்த்த பிறகு அதன் முறை வர வேண்டும்.

வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்துவது

வலிப்பு வந்து ரொம்ப நாளாயிற்று, இனி எதற்கு என்று நிறுத்துகிறார்கள். ஊருக்குப் போன இடத்தில் மருந்து தீர்ந்துவிடுகிறது. இன்னொன்று யாரும் யோசிப்பதில்லை: ஆபரேஷனுக்கோ ஸ்கேனுக்கோ வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் காலை வேளை மருந்தையும் விட்டுவிடுகிறார்கள். அந்த வேளை மருந்தை எப்படிக் கொடுப்பது என்று மயக்க மருந்து டாக்டரிடம் முந்தின நாளே கேட்டுவிடுங்கள். திடீரென நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம், அது உயிருக்கே ஆபத்து.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் ஸ்பூன் வேண்டாம், கையில் சாவி வேண்டாம். 5 நிமிடத்தைத் தாண்டினால் அவசரம், 108ஐக் கூப்பிடுங்கள். வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரே உங்கள் குழந்தைக்குத் தேவையா என்று டாக்டரிடம் கேட்டு, எழுதித் தந்தால் எப்போதும் பையில் வைத்திருங்கள்.

படுக்க வைத்து ஊட்டுவது

வேண்டவே வேண்டாம். சாப்பிடும்போது இருமுகிறது, குரல் ஈரமாகக் கரகரக்கிறது, அடிக்கடி நெஞ்சுச் சளி வருகிறது என்றால் உணவு நுரையீரலுக்குப் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

காதைச் சோதிக்காமல் பேச்சுப் பயிற்சி

முதலில் பெரா டெஸ்ட், அதாவது சத்தம் காதிலிருந்து மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்க்கும் சோதனை.

தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது

தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லாவைத் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. ஊசியைப் போடுங்கள்.

ஸ்டெம் செல்லுக்காக நகையை விற்பது

பெருமூளை வாதத்துக்கும் ஆட்டிசத்துக்கும் ஸ்டெம் செல் என்று லட்சக்கணக்கில் கேட்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, ரத்தம் சார்ந்த குறிப்பிட்ட சில நோய்களைத் தவிர மற்ற எதற்கும் இது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை, ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாம். ஆராய்ச்சி என்றால் பெற்றோரிடம் பணம் வாங்கக் கூடாது. பணம் கேட்கிறார்கள் என்றாலே எழுந்து வந்துவிடலாம். அந்தப் பணம் இருந்தால் நல்ல சக்கர நாற்காலி வாங்கலாம், பல வருடத் தெரப்பிக்கும் வரும்.

நிராமயா அட்டையைப் புதுப்பிக்க மறப்பது

ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் இந்த மருத்துவக் காப்பீட்டில் வருடம் 1 லட்சம் ரூபாய்வரை கிடைக்கும். தெரப்பிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. ஆனால் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், காலாவதியான பிறகு ஆஸ்பத்திரி பில்லோடு வந்து நின்றால் யாராலும் உதவ முடியாது.

18 வயதைப் பற்றி யோசிக்காமல் இருப்பது

குழந்தைகளின் உடல்நலத்துக்கான அரசின் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தில் பார்ப்பது 18 வயதுவரைதான். பிள்ளைக்கு 16 ஆகும்போதே, பெரியவர்களைப் பார்க்கும் நரம்பியல் டாக்டர் ஒருவரிடம் ஒரு முறையாவது காட்டி அறிமுகப்படுத்தி வையுங்கள். இவ்வளவு நாள் நடந்த மருத்துவத்தை இரண்டு பக்கத்தில் சுருக்கமாக எழுதித் தரும்படி குழந்தைகள் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். 18 முடிந்தால் சட்டப்படி அவர்கள் பெரியவர்கள். தானாகக் கையெழுத்திட முடியாத பிள்ளைக்காக நீங்கள் ஆபரேஷன் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்குச் சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்று கேட்பார்கள். 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு அதைத் தருகிறது. விண்ணப்பம் எங்கே வாங்குவது, என்னென்ன இணைப்பது என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சொல்வார்கள்.