கோடைக்கால மெக்கானிக்கல் இன்டர்ன்ஷிப்: ஒரே பாகத்தைப் பின்தொடர்ந்து கற்பது எப்படி?

கோடை விடுமுறையில் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குச் செல்லும் மெக்கானிக்கல் மாணவர்களில் பலர், ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு நாள் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, எதையும் கையில் எடுத்து அளந்து பார்க்காமலேயே சான்றிதழோடு திரும்பிவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக ஒரே ஒரு பாகத்தைத் தேர்ந்தெடுத்து, அது மூலப்பொருளாக உள்ளே வருவதிலிருந்து அசெம்பிளிக்குப் போகும் வரை பின்தொடரும் முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

படி 1: சேரும் முன்

விண்ணப்பத்தோடு அனுப்பும் தன்விவரக் குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். படித்த பாடங்களை வரிசையாக அடுக்குவதைவிட, நீங்களே வரைந்த அல்லது செய்த ஏதேனும் ஒன்றை இரண்டு வரியில் விவரிப்பது, அதைப் படிக்கும் பொறியாளருக்கு உங்களைப் பற்றி அதிகம் சொல்லும். சேரும் நாளுக்குள் வெர்னியர் காலிப்பர், அதைவிட நுண்ணிய அளவு காட்டும் மைக்ரோமீட்டர் ஆகிய அளவுக் கருவிகளைத் தடுமாறாமல் படிக்கப் பழகிவிடுங்கள்.

படி 2: முதல் நாள்

பாதுகாப்புக் கண்ணாடியும் பாதுகாப்புக் காலணியும் அணிந்திருக்க வேண்டும். தொங்கும் அடையாள அட்டை, மோதிரம், தளர்வான சட்டைக் கை ஆகியவை சுழலும் இயந்திரத்தின் அருகே ஆபத்தானவை. கையுறை கையைக் காக்கும் என்று எண்ணி லேத் (கடைசல் இயந்திரம்) அருகே அதை அணிவோர் உண்டு. சுழலும் ஜாப்பில் (கடையப்படும் உலோகத் துண்டில்) கையுறை சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும் என்பதால் அங்கே அதை அணியக் கூடாது. ஜாப்பைப் பிடித்துச் சுழலும் சக்கை இறுக்கும் சாவியை அதிலேயே விட்டுவிட்டு இயந்திரத்தை இயக்கினால் அது தெறித்துப் பாயும். வெட்டும்போது வரும் உலோகச் சுருளைக் கையால் இழுக்காதீர்கள்.

படி 3: பாகத்தைத் தேர்ந்தெடுத்தல்

மிகச் சிக்கலான பாகம் வேண்டாம். லேத்தில் கடைந்து, கிரைண்டிங் செய்து, பேரிங்கிலோ புஷ்ஷிலோ (தண்டைத் தாங்கும் உருளை வளையத்திலோ) பொருத்தப்படும் ஒரு சிறிய ஷாஃப்ட் (தண்டு) போதும். வழிகாட்டியிடம் கேட்டு, தினமும் உற்பத்தியாகும் பாகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒருமுறை செய்யப்படும் பாகத்தைப் பின்தொடர முடியாது.

படி 4: டிராயிங்கைப் படித்தல்

பெரும்பாலான மாணவர்கள் நேராக வடிவத்துக்குப் போய்விடுகிறார்கள். முதலில் வலது கீழ் மூலையில் உள்ள பெயர்க் கட்டத்தைப் பாருங்கள். பாக எண், உலோகம், அளவுகோல், ரிவிஷன் எண், புரொஜெக்‌ஷன் குறியீடு ஆகியவை அங்கேதான் இருக்கும். தோற்றங்களைத் தாளில் எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்பதைக் காட்டுவதே அந்தக் கடைசிக் குறியீடு. முதல் கோண முறையில் மேற்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும். மூன்றாம் கோண முறையில் மேலே வரும். இதைக் கவனிக்காமல் படித்தால் துளை எந்தப் பக்கம் என்பதே தலைகீழாகிவிடும். கையில் இருப்பது பழைய ரிவிஷனா என்பதையும் சரிபாருங்கள்.

அடுத்தது டாலரன்ஸ், அதாவது அளவில் அனுமதிக்கப்படும் வேறுபாடு. ஷாஃப்டின் விட்டம் 25 ஜி6 என்றும், அது நுழையும் துளை 25 எச்7 என்றும் குறிக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 25 என்பது மி.மீ. அளவு, அதன் பின் வரும் எழுத்தும் எண்ணும் டாலரன்ஸைக் குறிக்கும். ஐஎஸ்ஓ அட்டவணைப்படி ஷாஃப்ட் 24.980 முதல் 24.993 மி.மீ. வரையும், துளை 25.000 முதல் 25.021 மி.மீ. வரையும் இருக்கலாம். ஆக, இரண்டுக்கும் இடையிலான இடைவெளி குறைந்தது 0.007, அதிகபட்சம் 0.041 மி.மீ. ஷாஃப்ட் துளைக்குள் தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் ஆடக் கூடாது என்ற தேவையே இந்த எண்களாக எழுதப்பட்டிருக்கிறது. டிராயிங்கில் உள்ள ஒவ்வொரு டாலரன்ஸுக்கும் இப்படி ஒரு காரணம் இருக்கும். அது விளங்காத இடத்தில் வடிவமைப்புப் பிரிவினரிடம் கேளுங்கள்.

படி 5: அளத்தல்

மேலே சொன்ன ஷாஃப்டின் டாலரன்ஸ் அகலம் 0.013 மி.மீ. மட்டுமே. சாதாரண வெர்னியரின் மீச்சிற்றளவு (அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.02 மி.மீ. என்பதால் அதைக் கொண்டு இந்த ஷாஃப்டை ஏற்கவோ தள்ளவோ முடியாது, 0.001 மி.மீ. வரை காட்டும் மைக்ரோமீட்டர் வேண்டும். அளக்கும் முன் பிசிறை நீக்கி, எண்ணெயைத் துடைத்து, கருவியின் பூஜ்யப் பிழையைச் சரிபார்த்து, ராட்செட்டை (அழுத்தம் எப்போதும் சீராக இருக்க உதவும் முனைத் திருகை) திருப்பி அளவெடுங்கள். விரல் பலத்தால் இறுக்கினால் அளவு குறைவாகத் தெரியும்.

பயிற்சிக்கு வருபவர்கள் அதிகம் கோட்டைவிடுவது வெப்பத்தில்தான். அளவுகளுக்கான நிலையான வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். இயந்திரத்திலிருந்து 40 டிகிரி சூட்டோடு வந்த 25 மி.மீ. எஃகு ஷாஃப்ட் ஏறத்தாழ 0.006 மி.மீ. விரிந்திருக்கும், இது டாலரன்ஸில் கிட்டத்தட்டப் பாதி. சூட்டில் 24.982 என்று அளந்து ‘சரி’ என வைத்த பாகம், ஆறிய பிறகு 24.976 ஆகி நிராகரிக்கப்படும். இன்ஸ்பெக்‌ஷன் அறையில் பாகங்களைச் சிறிது நேரம் வைத்திருந்து அளப்பதன் காரணம் இதுவே.

படி 6: இயந்திரத்தின் அருகே நிற்றல்

ஆபரேட்டரிடம் ‘இது என்ன?’ என்று கேட்பதைவிட, ‘இந்த அளவு எப்போது கைமீறும்?’ என்று மரியாதையோடு கேட்டுப் பாருங்கள். பாடநூலில் இல்லாத விடைகள் கிடைக்கும். சுழல் வேகத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். வெட்டு வேகம் (வெட்டுளியைக் கடக்கும் ஜாப் பரப்பின் வேகம்) நிமிடத்துக்கு 30 மீட்டர், விட்டம் 26 மி.மீ. என்றால், 1000 × 30 ÷ (3.14 × 26) = நிமிடத்துக்கு ஏறத்தாழ 367 சுற்றுகள். கியர் மாற்றி வேகம் வைக்கும் லேத்தில் சரியாக அந்த எண் இருக்காது. பெரும்பாலும் அதற்குக் கீழுள்ள வேகத்தையே வைப்பார்கள்.

படி 7: குறிப்பேடும் அறிக்கையும்

அனுமதியின்றி டிராயிங்கையோ இயந்திரத்தையோ படம் எடுக்காதீர்கள். அன்றன்று அளந்தவற்றை நேரத்தோடு குறித்துவையுங்கள். லேத்தில் கடைந்த இருபது ஷாஃப்டுகளின் விட்டத்தை வரிசைப்படி வரைபடமாக்கினால், வெட்டுளி தேயத் தேய வெளிவிட்டம் மெல்ல ஏறுவதும், ஆபரேட்டர் திருத்தம் கொடுத்ததும் மீண்டும் இறங்குவதும் கண்ணுக்குத் தெரியும். நிறுவனத்தின் வரலாற்றைப் பத்துப் பக்கம் எழுதுவதைவிட இந்த ஒரு வரைபடத்துக்கே மதிப்பு அதிகம். அறிக்கையின் வரைவைக் கடைசி வாரத்தின் தொடக்கத்திலேயே வழிகாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். அவர் சந்தேகிக்கும் எண்களை மீண்டும் அளந்து பார்க்க, அப்போது பாகமும் கருவியும் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்.