மாடித் தொட்டியிலிருந்து வாளி வரை: பாய்ம இயக்கவியல் ஒரே கணக்கில்

பாய்ம இயக்கவியலில் சூத்திரங்களை மனப்பாடம் செய்வது பெரிய வேலை இல்லை. எந்த இடத்தில் எதை எடுப்பது என்பதில்தான் முதல் முறை படிப்பவர்கள் திணறுவார்கள். அதனால் ஒரே கணக்கை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம். கால்குலேட்டர் இருந்தால் போதும்.

மொட்டை மாடித் தொட்டியின் நீர்மட்டம், குளியலறைக் குழாயை விட 6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நடுவில் 15 மீட்டர் பிளாஸ்டிக் பைப், உள்விட்டம் 20 மி.மீ., நான்கு எல்போ. 15 லிட்டர் வாளி நிறைய எத்தனை நொடி ஆகும்?

படி 1: குழாய் மூடியிருக்கும்போது

அழுத்தம் = அடர்த்தி × ஈர்ப்பு முடுக்கம் × உயரம். அதாவது 1000 × 9.81 × 6 = 58,860 பாஸ்கல், ஏறக்குறைய 0.59 பார். இது வளிமண்டல அழுத்தத்துக்கு மேலே இருப்பது. அழுத்தம் அளக்கும் கேஜ் காட்டுவதும் இதைத்தான். சூத்திரத்தில் தொட்டியின் கொள்ளளவு எங்கேயும் இல்லை, கவனியுங்கள். பெரிய டேங்க் வைத்தால் பிரஷர் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உயர்த்தி வைத்தால்தான் கூடும்.

படி 2: தொடர்ச்சிச் சமன்பாடு

பாயும் அளவு = குறுக்குப் பரப்பு × வேகம். 20 மி.மீ. விட்டத்துக்குப் பரப்பு 0.000314 சதுர மீட்டர். இனி வேகம் தெரிந்தால் வேலை முடிந்தது.

படி 3: பெர்னௌலி

பெர்னௌலி சமன்பாடு சொல்வது: அழுத்தம் + ½ × அடர்த்தி × வேகத்தின் வர்க்கம் + அடர்த்தி × ஈர்ப்பு முடுக்கம் × உயரம், இந்தக் கூட்டுத்தொகை ஓட்டத்தின் வழியே மாறாது. இரண்டு புள்ளிகளை எடுப்போம்: நீர்மட்டத்தில் ஒன்று, குழாய் வாயில் ஒன்று. இரண்டிலும் வளிமண்டல அழுத்தமே இருப்பதால் அது அடிபட்டுப் போகும். தொட்டியில் நீர் இறங்கும் வேகம் மிகக் குறைவு, அதையும் விட்டுவிடலாம். மிஞ்சுவது:

வேகம் = √(2 × 9.81 × 6) = √117.7 = 10.85 மீ./நொடி

(டேனியல் பெர்னௌலியின் நூல் வந்தது 1738-இல். இந்த முடிவை டாரிசெல்லி 1644-லேயே வெளியிட்டுவிட்டார்.)

சரி, பரப்பால் பெருக்கினால் நொடிக்கு 3.4 லிட்டர். வாளி நாலரை நொடியில் நிறைந்துவிடும்! எந்த வீட்டில் அப்படி வருகிறது?

படி 4: எங்கே உதைக்கிறது?

பெர்னௌலி சமன்பாட்டுக்கு நிபந்தனைகள் உண்டு: ஓட்டம் காலத்தால் மாறக்கூடாது, அடர்த்தி மாறக்கூடாது, ஒரே ஓட்டக்கோட்டின் (நீர்த்துளி போகும் பாதையின்) வழியே போக வேண்டும், உராய்வு இருக்கக்கூடாது. முதல் மூன்றும் இங்கே பொருந்தும். நான்காவது சுத்தமாகப் பொருந்தாது. தேர்வில் கணக்கைத் தொடங்கும் முன் இந்த நான்கையும் எழுதிவிட்டு, எது உடைகிறது என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

படி 5: ரெனால்ட்ஸ் எண்

உராய்வு எவ்வளவு என்பது ஓட்டத்தின் தன்மையைப் பொறுத்தது. கண்ணாடிக் குழாயில் சாயத்தை விட்டு ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1883-இல் காட்டியது இதைத்தான்: மெதுவாகப் போனால் சாயம் ஒரே கோடாக நீளும், வேகம் கூடினால் கலைந்துவிடும். முதலாவது வரிச்சீர் ஓட்டம், இரண்டாவது சுழற்சி ஓட்டம். எது என்று சொல்வது ரெனால்ட்ஸ் எண்: அடர்த்தி × வேகம் × விட்டம் ÷ பாகுநிலை. பைப்பில் இந்த எண் ஏறத்தாழ 2000-க்குக் கீழே இருந்தால் வரிச்சீர் ஓட்டம், 4000-க்கு மேலே போனால் சுழற்சி ஓட்டம்.

இதற்கு வேகம் வேண்டும், ஆனால் வேகத்தைத்தானே தேடுகிறோம்? ஊகித்துக்கொள்ளலாம்: 2 மீ./நொடி. 30 டிகிரியில் நீரின் பாகுநிலை (ஓட்டத்தை எதிர்க்கும் பிசுபிசுப்பு) 0.0008 பாஸ்கல் நொடி.

1000 × 2 × 0.02 ÷ 0.0008 = 50,000. சந்தேகமில்லாமல் சுழற்சி ஓட்டம்.

படி 6: இழப்புகள்

வழவழப்பான பைப்புக்கு பிளாசியஸ் சூத்திரம்: உராய்வுக் காரணி = 0.316 ÷ (ரெனால்ட்ஸ் எண்ணின் நான்காம் மூலம்) = 0.0211. இதை நீளத்தால் பெருக்கி விட்டத்தால் வகுத்தால் 15.9. இது வேக ஆற்றலின் எத்தனை மடங்கு இழப்பு என்பதைக் காட்டும் எண். இதே போல் தொட்டியின் வாய்க்கு 0.5, நான்கு எல்போவுக்கு 3.6, திருகித் திறக்கும் குழாய்க்கு 10 (பாடநூல் அட்டவணைகளில் கிடைக்கும் தோராய மதிப்புகள்). வெளியேறும் நீரின் வேகத்துக்கு 1. மொத்தம் 31. 6 மீட்டர் உயரம் தரும் ஆற்றல் இப்போது வேக ஆற்றலின் 31 மடங்குக்கு ஈடுகொடுக்க வேண்டும், அதனால் படி 3-இன் 117.7-ஐ 31-ஆல் வகுக்கிறோம்.

வேகம் = √(117.7 ÷ 31) = 1.95 மீ./நொடி

ஊகித்த 2-க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தள்ளி வந்திருந்தால் புது வேகத்தை வைத்துப் படி 5-இலிருந்து மறுபடி போட வேண்டும். நொடிக்கு 0.61 லிட்டர், வாளி நிறைய சுமார் 25 நொடி. இதை நம்பலாம்.

6 மீட்டரில் பாதிக்குச் சற்று மேலே பைப்பின் உராய்வே தின்றுவிட்டது. வேகமாக மாறியது 19 செ.மீ. மட்டும்.

இப்போது குழாயில் ஓஸ் மாட்டி, அதன் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் தண்ணீர் ஏன் பீய்ச்சி அடிக்கிறது? தொடர்ச்சிச் சமன்பாட்டை மட்டும் சொல்லி முடித்தால் அரை மதிப்பெண்தான், ஏனென்றால் அடைத்தவுடன் பாயும் அளவும் குறைகிறது. பைப்புக்குள் வேகம் குறைய, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்த இழப்பு மளமளவென்று சரிகிறது. மிச்சமான அழுத்தம் விரலடியில் வேகமாக மாறுகிறது. ஆனால் எவ்வளவு அடைத்தாலும், படி 3-இல் வந்த 10.85-ஐத் தாண்டாது.

அப்புறம், பைப்பையும் குழாயையும் 25 மி.மீ. ஆக்கி, மற்ற எண்களை அப்படியே வைத்து, நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 15 நொடி வர வேண்டும்.